பழைய பூல் கியூ: எதை வாங்குவது, எதை வெட்டுவது, எதைத் தொடாமல் விடுவது

போன கோடையில் நண்பர் ஒருவர் சின்சினாட்டிக்கு வடக்கே வீடு வாங்கினார். விற்றவர்கள் பேஸ்மெண்டில் இருந்த பூல் மேசையை, அதாவது பந்துகளைக் கோலால் அடித்துப் பாக்கெட்டில் போடும் ஆட்டத்தின் மேசையை, அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இந்தப் பக்கம் இது அடிக்கடி நடப்பதுதான். மேசைக்குள் இருக்கும் கனமான ஸ்லேட் கற்பலகைகளைக் கழற்றி, ஏற்றி, இறக்கி, மறுபடியும் மட்டம் பார்த்துப் பொருத்தும் கூலியை நினைத்தே பலர் மேசையை வீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். மேசை இருந்தது, பந்துகள் இருந்தன, சுவரில் கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், இரண்டு இருந்தன. இரண்டும் வில் மாதிரி வளைந்தவை. "அண்ணா, நல்லதா ஒரு கியூ வாங்கணும். எது வாங்கலாம்?" என்று கேட்டார்.

புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்திருக்கும். நான் சனிக்கிழமை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வரச் சொன்னேன்.

ஒஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு, ஐ-70 நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். பெரிய பழம்பொருள் மால்கள் அங்கே இருக்கின்றன. பூல் ஆடுகிறவர்களுக்கு அந்த ஊர் வேறொரு காரணத்துக்காகவும் முக்கியம். 1954 மார்ச் 19 அன்று பூல் வீரர் வில்லி மொஸ்கோனி அங்கே நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் தொடர்ச்சியாக 526 பந்துகளைத் தவறவிடாமல் பாக்கெட்டில் போட்டார். 2019இல் ஜான் ஷ்மிட் 626 போடும் வரை அந்தக் கணக்கு அப்படியே நின்றது. பழைய கியூ தேடிப் போகிறவனுக்கு அந்த ஊர் மண்ணை மிதிப்பதே ஒரு சந்தோஷம்.

மாலில் இரண்டு மணி நேரம் சுற்றினோம். கடைசியில் நண்பரின் கையில் மூன்று கியூ இருந்தன. இந்தக் கட்டுரை அந்த மூன்றைப் பற்றியது. பழம்பொருள் கடையில் யார் தேடினாலும் கிடைப்பவை பெரும்பாலும் இந்த மூன்று வகையில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது, ஒரே துண்டான ஹவுஸ் கியூ. பூல் ஹால்களில் சுவர்த் தாங்கியில் வரிசையாக நிற்குமே, அந்த வகை. பட்டில், அதாவது கையில் பிடிக்கும் தடித்த பின்பகுதியில், பாதி உரிந்த முத்திரை. அதில் பிரன்ஸ்விக்-பால்க்-காலண்டர் என்ற பெயர். 19 என்று எண் குத்தியிருந்தது. டிப், அதாவது பந்தைத் தொடும் முனையில் ஒட்டும் தோல், இல்லை. விலை 35 டாலர்.

இரண்டாவது, வினைல் பெட்டியோடு வந்த இரண்டு துண்டு கியூ. எழுபதுகளில் செய்ததுபோல் தெரிந்தது. பட் முழுக்கப் பூ வேலைப்பாடு, வெள்ளை வளையங்கள், பளபளவென்ற பூச்சு. விலை 60 டாலர்.

மூன்றாவது, கருஞ்சிவப்பு ரோஸ்வுட் பட், அதிலிருந்து மேப்பிள் மரத்துக்குள் ஏறும் நான்கு கூர்முனைகள், ஒவ்வொரு கூரின் ஓரத்திலும் மெல்லிய வண்ண வெனீர் (மரத்தகடு) கோடுகள். இதுவும் ஒரே துண்டுதான். ஆனால் முன்பாதி நன்றாக வளைந்திருந்தது. குடை தாங்கி ஒன்றுக்குள் சொருகி வைத்திருந்தார்கள். விலை 20 டாலர்.

நண்பருக்கு இரண்டாவதுதான் பிடித்தது. பெட்டியோடு வருகிறது, பார்க்க அழகு, காரில் எடுத்துப் போகலாம். கடைக்கு வரும் பெரும்பாலானவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். எனக்கு அதில் ஆசை வரவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கியூவை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதை வாங்குவது என்பதில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஓட்டம் பார்ப்பது

நம் ஊர்த் தச்சர் சட்டத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டம் பார்ப்பாரே, அதேதான். பட் முனையைக் கண்ணுக்கு அருகில் வைத்து, டிப் முனையைத் தூரத்தில் ஒரு வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து, கியூவை மெதுவாகச் சுழற்ற வேண்டும். நேரான கியூ சுழலும்போது முனை ஒரே இடத்தில் நிற்கும். வளைந்தது வட்டம் போடும். பிறகு ஒரு சமதளத்தில் உருட்ட வேண்டும். மாலில் ஸ்லேட் மேசை கிடைக்காது. முன்பக்கம் நகை, கடிகாரம் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியின் மேல் உருட்டிப் பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். உருளும் கியூவின் அடியில் தெரியும் வெளிச்சக் கோடு கூடிக் குறைந்தால் அந்த இடத்தில் வளைவு இருக்கிறது.

இதில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். வளைவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கியூவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வளைவு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு இத்தனை வருடத்தில் பிடிபட்ட ஒரே பெரிய பாடம் அதுதான். முன்பாதியில் மட்டும் வளைவு என்றால் அந்தக் கியூவுக்கு இன்னும் ஒரு வழி பாக்கி இருக்கிறது. பட்டில், அதுவும் இரண்டு மரமும் கோத்திருக்கும் இடத்தில் வளைவு என்றால் வழி இல்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

வளைந்த கியூவை நிமிர்த்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆவியில் காட்டுவது, எடை கட்டித் தொங்கவிடுவது, எதிர்ப்பக்கமாக அழுத்தி வைப்பது என்று எல்லாவற்றையும் நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் நேராக இருக்கும். ஈரக்காற்று அடிக்கும் ஜூலை மாதம் வந்ததும் பழைய இடத்துக்கே போய்விடும். நிமிர்த்திவிடலாம் என்ற நம்பிக்கையில் ஒரு கியூவுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது நீளம். கையோடு அளவு நாடா கொண்டு போங்கள். சாதாரண கியூ 57, 58 அங்குலம் இருக்கும். 55க்குக் கீழே போனால் பெரும்பாலும் முனை உடைந்து யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டிப் இருக்கும் முனையின் குறுக்களவையும் பாருங்கள். 13 மில்லிமீட்டர் பொதுவான அளவு. பூல் ஹாலில் இருந்த கியூக்களை வருடா வருடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பார்கள். சில கியூ 11 மில்லிமீட்டர் வரை மெலிந்திருக்கும். மெலிந்ததைத் தடிப்பாக்க முடியாது.

பூ வேலைப்பாடு

சரி, இரண்டாவது கியூவுக்கு வருவோம். மாலில் பூதக்கண்ணாடி வாங்கக் கிடைக்கும்; நான் சாவிக்கொத்திலேயே சின்னதாக ஒன்று வைத்திருக்கிறேன். அதன் வழியே பட்டில் இருந்த கூர்முனைகளைக் காட்டினேன். மரத்தின் ரேகை கூர்முனையின் ஓரத்தில் வந்து நின்று, உள்ளே வேறு ரேகையாக மாற வேண்டும். இதில் கூருக்குள் ரேகையே இல்லை, அச்சுப் புள்ளிகள்தான் தெரிந்தன. மரத்தில் பதித்த வேலை இல்லை. அச்சடித்த படலத்தை ஒட்டி, மேலே தடிமனாகப் பூச்சு அடித்திருக்கிறார்கள். நான்கு கூர்களும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரத்தில் நின்றதும் இன்னொரு அடையாளம். பழைய நாளில் மரத்தை மரத்தோடு கோத்துச் செய்த கியூவில் கூர்கள் கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும்.

அச்சு வேலை என்பதாலேயே அது மோசமான கியூ என்று சொல்லமாட்டேன். பந்து அடிக்க அச்சுப்படம் தடையில்லை. என் கவலை ஜாயிண்ட்டைப் பற்றியது. இரண்டு துண்டையும் இணைக்கும் திருகின் மரை எந்த அளவு என்று தெரியவில்லை. இன்று பரவலாக இருக்கும் மரைகள் சிலதான்: 5/16-14, 5/16-18, 3/8-10 என்று எழுதுவார்கள். முதல் எண் திருகின் தடிமன், இரண்டாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்ற கணக்கு. இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் ஷாஃப்ட், அதாவது மெல்லிய முன்துண்டு, கெட்டுப்போனாலும் வேறு ஷாஃப்ட் வாங்கிப் பொருத்திவிடலாம். வழக்கத்தில் இல்லாத மரை என்றால் அந்த ஒரு ஷாஃப்ட்டோடு கியூவின் ஆயுள் முடிந்தது. இந்தக் கியூவின் ஷாஃப்ட் லேசாக வளைந்திருந்தது, திருகோ நான் அதுவரை பார்த்திராத அளவு.

இரண்டு துண்டு கியூவை உருட்டிப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சேர்த்து உருட்டினால் ஆட்டம், பிரித்து உருட்டினால் இரண்டும் நேர் என்றால் குறை மரத்தில் இல்லை, ஜாயிண்ட்டின் முகத்தில் இருக்கிறது. லேத்தில் வைத்து முகத்தைச் சீர் செய்தால் சரியாகிவிடும். அப்படி ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

முத்திரை உரிந்த ஹவுஸ் கியூ

முதல் கியூவில் எனக்கு மனம் போனதற்குக் காரணம் அதன் செய்முறை. இதை முழுக் கோப்பு என்று சொல்லலாம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஃபுல் ஸ்ப்ளைஸ் என்கிறார்கள். பின்பக்கத்து அடர்மரத்தையும் முன்பக்கத்து மேப்பிளையும் நீளமான கூர்களாக அறுத்து, இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வதுபோல் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பசை வைத்து இறுக்கிவிடுவார்கள். பழைய நாளில் அந்தப் பசை நம் தச்சர்கள் காய்ச்சிய வச்சிரம் போன்ற தோல்பசைதான். கோத்த பிறகு லேத்தில் கடைந்தால் வெளியே கூர்முனைகளாகத் தெரிகிற அழகு உள்ளே இருக்கும் மூட்டின் வெளித்தோற்றம். அலங்காரத்துக்காகத் தனியாகச் செய்ததில்லை. பந்தை அடிக்கும்போது டிப்பிலிருந்து கை வரை இடையில் உலோகமோ திருகோ கிடையாது. அந்த அடியின் உணர்வு ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால் மறக்காது.

முத்திரையும் ஒரு தகவல் சொல்கிறது. ஜான் மோசஸ் பிரன்ஸ்விக் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், வண்டி செய்கிறவர், 1845இல் சின்சினாட்டியில் பில்லியர்ட்ஸ் மேசை செய்ய ஆரம்பித்தார். பிறகு போட்டி நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து 1884இல் பிரன்ஸ்விக்-பால்க்-காலண்டர் ஆயிற்று. 1960இல் பெயரைச் சுருக்கிப் பிரன்ஸ்விக் கார்ப்பரேஷன் என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே முத்திரையில் மூன்று பெயரும் இருந்தால் அது 1960க்கு முந்திய கியூ. என் நண்பரின் புது வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில்தான் இந்தக் கதை தொடங்கியது என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது.

இந்தக் கியூ நேராக இருந்தது. 57 அங்குலம் இருந்தது. முனை 12.5 மில்லிமீட்டர். ஃபெரூல், அதாவது டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளைக் குப்பி, மஞ்சளடித்திருந்தது, விரிசல் இல்லை. இதற்குத் தேவை சுத்தம் செய்வதும் புது டிப்பும் மட்டும்தான். முதன்முதலாகப் பழைய கியூ வாங்குகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: பெயரோ வேலைப்பாடோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நேராக நிற்கிற ஒரே துண்டு ஹவுஸ் கியூவை எடுங்கள். கனடாவின் டஃபரின் கியூவும் இதே வகையில் நல்ல கியூதான். பழம்பொருள் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும்.

இதற்கு ஒரு குறை உண்டு. காருக்குள் குறுக்காக வைக்க வேண்டும், விமானத்தில் கொண்டுபோவது பெரும் தொல்லை. வீட்டு மேசையில் மட்டும் ஆடுகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை. வாரா வாரம் லீக் ஆடப் போகிறவருக்கு அது தினசரித் தலைவலி.

வெட்டலாமா?

அங்கேதான் மூன்றாவது கியூ வருகிறது. இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பேசப் போகிறேன், ஏனென்றால் பழைய கியூ பிரியர்களுக்குள் நடக்கிற சண்டை முழுக்க இதைப் பற்றித்தான்.

ரோஸ்வுட் பட், நான்கு கூர், வண்ண வெனீர் என்றதுமே பிரன்ஸ்விக்கின் டைட்லிஸ்ட் என்ற மாதிரி நினைவுக்கு வரும். அது பூல் ஹாலுக்காகச் செய்த ஹவுஸ் கியூதான். ஆனால் அதன் கோப்பு வேலை அவ்வளவு நேர்த்தி. ரஷ்யாவில் 1912இல் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்த ஜார்ஜ் பலபுஷ்கா, 1959இல் புரூக்ளினில் கியூ செய்யத் தொடங்கியபோது இந்த டைட்லிஸ்டைத்தான் வாங்கி வெட்டி, ஜாயிண்ட் போட்டு, தன் கியூக்களாக மாற்றினார். 1975இல் அவர் இறந்தார். இன்று அவர் கியூவுக்கு என்ன விலை என்று விசாரித்தால் தலை சுற்றும். ஆக, ஹவுஸ் கியூவை வெட்டி இரண்டு துண்டாக்குவது யாரோ புதிதாகக் கிளப்பிய பழக்கம் இல்லை. இந்தத் தொழிலின் மூத்த கையே அப்படித்தான் தொடங்கியது.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு டைட்லிஸ்ட் கடையில் புதிதாகக் கிடைத்த சரக்கு. இன்றைக்கு அப்படியில்லை. ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனால், வெட்டாத, முத்திரை கெடாத, நேரான ஒரே துண்டு கியூ எத்தனை மிஞ்சும்? இந்தக் கேள்விக்கு என்னால் மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது. நேராக இருக்கிற, முத்திரை தெரிகிற பழைய கியூவை வெட்டக் கூடாது என்பதே என் கட்சி. அதை அப்படியே ஆடலாம், அப்படியே அடுத்தவர் கையில் கொடுக்கலாம்.

முன்பாதி வளைந்து, பட் கெட்டியாக இருக்கிற கியூவின் நிலைமை வேறு. அது குடை தாங்கியில் கிடக்கிறது. அடுத்து யாராவது வாங்கி விளக்குக் கம்பமாகவோ கோட்டு மாட்டியாகவோ செய்துவிடுவார்கள். அப்படிச் செய்தவற்றையும் அதே மாலில் பார்த்தோம். அந்தக் கியூவை வெட்டினால்தான் அது மறுபடியும் பந்தை அடிக்கும். பட் முனையிலிருந்து சுமார் 29 அங்குலத்தில் வெட்டி, கூர்முனைகள் ஜாயிண்ட்டுக்குள் போய்விடாதபடி அளந்து, திருகு வைத்து, புதிதாக ஒரு மேப்பிள் ஷாஃப்ட் செய்து போட வேண்டும். வெளிப்பார்வைக்குச் சாதாரண ஹவுஸ் கியூ, கழற்றினால் இரண்டு துண்டு. இப்படிப்பட்ட கியூவுக்கு இங்கே ஸ்னீக்கி பீட் என்று பட்டப்பெயர். பந்தயம் கட்டி ஆடுகிறவர்கள் தங்கள் சொந்தக் கியூவை ஹாலின் கியூபோல் காட்டிக்கொள்ளப் பயன்படுத்தியதால் வந்த பெயர்.

இதை வீட்டில் செய்ய முடியாது. லேத் வேண்டும், மையம் பிசகாத கை வேண்டும். முன்பு ஒருமுறை விலை மலிவு என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். வெட்டிய முகம் நேர்க்கோணத்தில் இல்லை. சேர்த்துப் பிடித்தால் கியூ முழங்கை மடித்ததுபோல் நின்றது. அந்த பட் இப்போது எதற்கும் உதவாது. பிறகு நான் வேறொருவரிடம் போய், அவர் செய்து முடித்த கியூ இரண்டை உருட்டிப் பார்த்த பிறகே என்னுடையதைக் கொடுத்தேன். ஜாயிண்ட்டும் புது ஷாஃப்ட்டும் சேர்த்து 260 டாலர் ஆயிற்று. 20 டாலர் கியூவுக்கு இது அதிகமா என்று கேட்டால், புதிதாக முழுக் கோப்பு கியூ வாங்க ஆகும் தொகையை விசாரித்துவிட்டு வந்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

கண்ணாடி அலமாரியில் இருந்தது

நான்காவதாக ஒன்றும் பார்த்தோம், வாங்கவில்லை. பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் பழைய பில்லியர்ட்ஸ் சாம்பியன் வில்லி ஹாப்பி பெயர் போட்ட பழைய இரண்டு துண்டு கியூ. விலைச்சீட்டில் பேரம் இல்லை என்றும் எழுதியிருந்தது. பெயருக்காக வாங்குவது வேறு உலகம். பெயர் உண்மையா என்று சொல்லத் தெரிந்தவர் கூட இல்லாமல் அந்தப் பக்கம் போகவேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: பழைய விலையுயர்ந்த கியூக்களில் ஃபெரூல், ஜாயிண்ட் வளையம், அடிக்குப்பி இவை யானைத் தந்தமாக இருக்கலாம். அமெரிக்காவில் 2016 ஜூலையிலிருந்து ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்துக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. கலிஃபோர்னியா, நியூ யார்க், நியூ ஜெர்ஸி மாநிலங்களில் தனிச் சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் குற்றம். ஊருக்குப் போகும்போது தம்பி மகனுக்குப் பரிசாக எடுத்துப் போகலாம் என்று நினைத்தால் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். ரோஸ்வுட்டுக்கும் பன்னாட்டுக் கட்டுப்பாடு உண்டு. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது.

எல்லா வெள்ளையும் தந்தம் ஆகிவிடாது. எனக்குக் கிடைத்த ஒரு கியூவின் அடிவளையத்தை விரலால் வேகமாகத் தேய்த்தபோது பூஜை அறை வாசம் வந்தது. கற்பூரம்! செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள். தந்தத்தில் செய்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு 1860களில் 10,000 டாலர் பரிசு அறிவித்தது ஃபெலன், காலண்டர் நிறுவனம். அந்தத் தேடலில் இறங்கித்தான் ஜான் வெஸ்லி ஹையட் செல்லுலாய்டுக்கு வந்து சேர்ந்தார். நம் முத்திரையில் இருக்கும் காலண்டர் அதே காலண்டர்தான். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே அதன் பக்கத்தில் சூடு காட்டவே கூடாது.

வீட்டில் எவ்வளவு செய்வது

நண்பர் முதல் கியூவை எடுத்துக்கொண்டார், நான் மூன்றாவதை. மாலில் ஒவ்வொரு தடுப்பும் ஒவ்வொரு வியாபாரிக்குச் சொந்தம். அவர்கள் அங்கே இருப்பதில்லை. கல்லாவில் கேட்டால் போன் போட்டுக் கேட்டுச் சொல்வார்கள். அவருக்கு 30க்குக் கொடுத்தார்கள்.

வீட்டு வேலையில் குறைவாகச் செய்வதே நல்ல வேலை. முதலில் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைப்பது, அதுவும் ஷாஃப்ட்டை மட்டும். பட்டில் முத்திரை இருக்கிற இடத்தைத் தொடவே கூடாது. நான் முதன்முதலில் வாங்கிய கியூவில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அழுக்கைத் துடைத்தேன். பழைய பூச்சு அரக்கு. நம் ஊர்க் காட்டில் பூச்சி கட்டுகிற அதே அரக்குதான் ஷெல்லாக். ஆல்கஹாலில் அது கரையும். அழுக்கோடு பூச்சும், பூச்சோடு முத்திரையும் பஞ்சில் வந்துவிட்டன. அந்தக் கியூ எந்த வருடத்தது என்று சொல்ல இப்போது எந்த அடையாளமும் இல்லை. எந்தத் திரவமானாலும் அடிப்பக்கத்து ரப்பருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஷாஃப்ட்டில் விழுந்த ஒடுக்குகளுக்கு உப்புத்தாள் போடாதீர்கள். ஒடுக்கு என்பது மரம் போன இடம் இல்லை, மரம் அமுங்கிய இடம். நனைத்த துணியை அந்த இடத்தில் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில விநாடி தொட்டு எடுத்தால் அமுங்கிய நார் ஆவியில் உப்பி எழும்பும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஒரு நாள் காயவிட்டு, 600 நம்பர் தாளால் லேசாக ஒரு தடவல், பிறகு தோல் துண்டால் கை சுடும் வரை வேகமாகத் தேய்த்து, மெழுகு பூசினால் போதும். ரோஸ்வுட் தூள் சிலருக்குத் தோலிலும் மூக்கிலும் ஒவ்வாமை தரும். பட்டைத் தேய்க்க நேர்ந்தால் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

டிப் ஒட்டுவதை நீங்களே செய்யலாம். நான் போடுவது எல்க் மாஸ்டர். மிருதுவான தோல், பழைய கியூவின் அடிக்கு ஒத்துப்போகும். ஃபெரூலின் முகம் தட்டையாக இருக்க வேண்டும். கத்தியால் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, டிப்பின் அடியை உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, ஜெல் வகைப் பசையில் ஒட்டி அழுத்தி வைக்கலாம். காய்ந்ததும் கியூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, சுற்றிலும் மிஞ்சிய தோலைக் கூரான பிளேடால் சீவ வேண்டும். மேல் வளைவுக்கு இங்கே எல்லாரும் வைத்திருக்கும் அளவு ஐந்து சென்ட் நாணயத்தின் வளைவு. சிலர் பத்து சென்ட் நாணயத்தின் அளவுக்கு இன்னும் உருண்டையாக வைப்பார்கள்.

ஃபெரூல் விரிசல் விட்டிருந்தால் மட்டும் பட்டறைக்குக் கொடுங்கள். அது லேத் வேலை.

சென்னையிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கம் பழைய கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் கியூ. ஸ்னூக்கர் விதிகளை 1882இல் முறைப்படுத்திச் சுவரில் மாட்டியது ஊட்டி கிளப்பில்தான், ஆகவே அந்தப் பழைய கியூக்களுக்கு நம் மண்ணோடு நேரான தொடர்பு உண்டு. அவற்றில் ஷாஃப்ட் பெரும்பாலும் ஆஷ் மரம், பட் பெரும்பாலும் கருங்காலி, முனை 9, 10 மில்லிமீட்டர்தான். 57 மில்லிமீட்டர் பூல் பந்தை அதனால் ஓங்கி பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) அடித்தால் முனை தாங்காது. ஓட்டம் பார்ப்பது, ஒடுக்கு எடுப்பது, முத்திரையைக் காப்பது எல்லாம் அதற்கும் அப்படியே பொருந்தும்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை நண்பரின் கியூவைச் சமையலறைத் தராசில் நிறுத்தோம். பட்டில் குத்தியிருந்த 19 அவுன்ஸ் என்றால் 539 கிராம் வர வேண்டும். 531 காட்டியது. எட்டு கிராம் மரம், எத்தனையோ பேர் எந்தெந்த ஹாலிலோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் போயிருக்கிறது. அவர் தராசிலிருந்து கியூவை எடுத்து, மெழுகுத் துணியை மட்டும் மேசையோரம் வைத்துக்கொண்டு, உப்புத்தாளை எடுத்து என் பையில் போட்டார்.